பம்பைக் குறையுங்கள், மெனுவைச் சுருக்குங்கள்: இங்கிலாந்தின் கிராமத்து பப் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புடையீர்,

வணக்கம்.

இங்கிலாந்தின் கிராமங்களில் பப் நடத்தும் உங்களுக்கும், அந்தக் கட்டடங்களில் பலவற்றைக் கையில் வைத்துக்கொண்டு வாடகை வாங்கும் கம்பெனிகளுக்கும் சேர்த்தே இந்த மடலை எழுதுகிறேன். நான் பீர் நிபுணன் அல்ல. ஓட்டல் தொழிலில் இருந்தவனும் அல்ல. காசு கொடுத்துச் சாப்பிடுகிறவன், குடிக்கிறவன், அவ்வளவுதான். விடுமுறை நாட்களில் நண்பர்களோடு ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தை விரித்து, பப்லிக் ஹவுஸ், அதாவது பப்பைக் குறிக்கும் 'பி.எச்.' என்ற இரண்டு எழுத்து எங்கே இருக்கிறது என்று முதலில் பார்த்துவிட்டு, அந்த ஊர் வழியாகப் போகும் வயல்வெளிப் பாதையைத் தேர்ந்தெடுக்கும் ரகம். டெர்பிஷயர், யார்க்‌ஷயர், சஸெக்ஸ், காட்ஸ்வோல்ட்ஸ் என்று இது பல வருடங்களாக நடக்கிறது.

"தமிழில் எழுதினால் அவர்கள் எங்கே படிக்கப்போகிறார்கள்?" என்று வீட்டில் கேட்டார்கள். மேற்கு மிட்லண்ட்ஸில் பஞ்சாபிகள் பப்களை எடுத்து நடத்தி, மிக்ஸ்டு கிரில்லும் பைன்ட்டுமாகப் பேர் வாங்கியிருக்கிறார்கள். நம் ஆட்களும் எங்காவது ஒரு கவுன்ட்டருக்குப் பின்னால் இல்லாமலா போவார்கள்? அவர்கள் படித்துப் பக்கத்து ஊர்க்காரருக்குச் சொல்லட்டும்.

சொல்ல வந்தது இதுதான். உங்களில் பலர் உங்கள் ஊரின் அளவுக்கு மீறி விற்கப் பார்க்கிறீர்கள். பீர் இழுக்கும் பம்பு அதிகம், மெனு அதிகம். அதனால் எதுவுமே உருப்படியாக இல்லை.

முதலில் பீர். போன வருடம் டெர்பிஷயரில் ஒரு பப். ஊர் பெயர் வேண்டாம். சனிக்கிழமை மதியம், கதவு திறந்து பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. கவுன்ட்டரில் ஐந்து கைப்பம்புகள், பீங்கான் பிடியோடு பளபளவென்று நிற்கின்றன. பெஸ்ட் பிட்டர் என்ற பீர் கேட்டேன். பையன் இழுத்துக் கொடுத்தான். வாய்க்குப் போகும் முன்பே மூக்குக்குத் தெரிந்துவிட்டது, வினிகர் என்று. மெதுவாகத்தான் சொன்னேன். அவன் கிளாஸை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "தெளிவாகத்தானே இருக்கிறது?" என்றான். மோந்து பார்க்கச் சொன்னேன். பார்க்கவில்லை. "ரியல் ஏல் இப்படித்தான் இருக்கும்" என்றான். அடுத்து, "வேறு யாரும் குறை சொல்லவில்லையே" என்றான். அன்றைக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்த முதல் ஆளே நான்தான். என்னை விட்டால் வேறு யார் சொல்வது?

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபமில்லை. அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. புளித்த பீர் கண்ணாடி மாதிரி தெளிவாக இருக்கலாம் என்றோ, ராத்திரி முழுக்கக் குழாயில் கிடந்த பீரைக் காலையில் முதலில் இழுத்துக் கொட்டிவிட வேண்டும் என்றோ, வாடிக்கையாளர் நீட்டும் கிளாஸை வாங்கி முதலில் மோந்து பார்க்க வேண்டும் என்றோ அவனுக்குத் தெரியாது. கொட்டினால் நஷ்டம் என்றுதான் முதலாளி சொல்லியிருப்பார். அந்த ஒரு பைன்ட்டைக் காப்பாற்றப் போய், ஆறு பேர் கொண்ட எங்கள் கூட்டம் ஆளுக்கு ஒரு பாக்கெட் சிப்ஸோடு எழுந்து வந்துவிட்டது.

உங்களுக்குத் தெரியாத கணக்கு இல்லை. ஆனாலும் வாடிக்கையாளன் வாயால் ஒருமுறை கேளுங்கள். காஸ்க் ஏல், அதாவது அந்த ரியல் ஏல், உயிருள்ள பீர். வடிகட்டாமல், பாஸ்ச்சரைஸ் செய்யாமல், ஈஸ்ட்டோடு உங்கள் நிலவறைக்கு வருகிறது. பீப்பாய்க்குள்ளேயே இரண்டாவது முறை நொதிக்கிறது. அதை 11 முதல் 13 டிகிரியில் வைத்து, மரக்குச்சியால் வாயுவை வெளியே விட்டும் அடைத்தும், அடிமண்டி படியவிட்டுத் தயார் செய்வது தனிக் கைத்திறன். ஆனால் பீப்பாயைத் திறந்து பம்பை இழுக்க ஆரம்பித்த கணத்திலிருந்து காற்று உள்ளே போகிறது. நம் ஊர்க் கள் காலையில் இனித்து மாலைக்குள் புளித்துவிடும். இதற்கு மூன்று நாள் தவணை, வித்தியாசம் அவ்வளவுதான்.

ஒரு ஃபர்கின் பீப்பாயில் 9 காலன், அதாவது 72 பைன்ட். மண்டி போகச் சில பைன்ட் குறையும். ஐந்து பம்பிலும் ஐந்து ஃபர்கின் என்றால் ஏறக்குறைய 350 பைன்ட். அதை மூன்று நாளுக்குள் விற்றாக வேண்டும். முந்நூறு பேர் வசிக்கும் ஊரில், மழை பெய்யும் நவம்பர் மாதத்துச் செவ்வாய், புதன், வியாழனில் அது எப்படி நடக்கும்? விற்காது. வெள்ளிக்கிழமை வருகிறவனுக்கு நாலாம் நாள் பீர், ஞாயிற்றுக்கிழமை வருகிறவனுக்கு ஆறாம் நாள் பீர். அவன் அடுத்த முறை லாகர் என்ற வேறு வகை பீர் கேட்பான். பிறகு காஸ்க் இன்னும் மெதுவாக விற்கும், இன்னும் புளிக்கும். "இப்போதெல்லாம் யாரும் ரியல் ஏல் குடிப்பதில்லை" என்று நீங்கள் சொல்வதை நானே பல கவுன்ட்டர்களில் கேட்டிருக்கிறேன். குடிக்கிற மாதிரி கொடுத்தால்தானே?

1971-இல் ரியல் ஏலைக் காக்க காம்ரா இயக்கம் தொடங்கியபோது, பெரிய பீர் ஆலைகள் காஸ்க்கைக் கைவிட்டு, வாயு ஏற்றிய கெக் பீரைத் தலையில் கட்டுவதுதான் பிரச்சினை. அந்தச் சண்டையில் ரியல் ஏல் பிழைத்தது. ஆனால் அதன் பிறகு, பம்பு அதிகமாக இருந்தால்தான் நல்ல பப் என்ற எண்ணம் எப்படியோ நம் எல்லோர் தலையிலும் ஏறிவிட்டது. என்னைப் போன்றவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நாங்கள் உள்ளே நுழைந்ததும் முதலில் பம்பைத்தான் எண்ணுகிறோம்.

சஸெக்ஸில் லூயிஸ் பக்கம், மலைச்சரிவுக்குக் கீழே ஒரு சின்ன பப்புக்கு அடிக்கடி போவோம். அங்கே பம்பு இரண்டே இரண்டு. ஒன்றில் எப்போதும் ஹார்வீஸ் சஸெக்ஸ் பெஸ்ட். சில மைல் தள்ளியுள்ள ஆலையிலிருந்து வருவது. இன்னொன்றில் பருவத்துக்கு ஏற்ற ஒன்று, அது மட்டும் 36 பைன்ட் கொள்ளும் 'பின்' பீப்பாயில். கூட்டம் குறைந்த வாரங்களில் இரண்டாவது பம்பின் பெயர் அட்டையைத் திருப்பி வைத்துவிடுவார் பப்பை நடத்தும் அம்மா. "இன்றைக்கு ஒன்றுதான்" என்பார். அதில் அவருக்கு வெட்கமில்லை. எங்களுக்கும் குறையில்லை. அந்த ஒன்று அவ்வளவு நன்றாக இருக்கும். கிளாஸின் உட்புறத்தில் ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு நுரை வளையம் படிந்துகொண்டே இறங்கும். கிளாஸும் சுத்தம், பீரும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. ஒருமுறை பீப்பாய் தீரும் நேரத்தில் கலங்கலாக ஒரு பைன்ட் வந்தது. நான் வாயைத் திறக்கும் முன்பே அவரே பார்த்துவிட்டு, கொட்டிவிட்டு, "அஞ்சு நிமிஷம் பொறுங்க, புதுசு மாத்திட்டு வர்றேன்" என்று கீழே இறங்கிப் போனார். பப் நடத்துவது என்றால் இதுதான்.

அளவைப் பற்றி இரண்டு வரி. பைன்ட் என்றால் 568 மில்லி. நுரைக்கு ஐந்து சதவீதம் வரை போகலாம் என்பது உங்கள் தொழில்துறையே வைத்துக்கொண்ட வழிகாட்டுதல். யார்க்‌ஷயரில் கெட்டியான நுரையைத்தான் மக்கள் விரும்புகிறார்கள், சரி. ஆனால் இரண்டு விரல் உயரத்துக்கு நுரை இருந்து, நிரப்பித் தரச் சொன்னால் முகம் சுளிக்கிறீர்களே, ஏன்? ஒயினிலும் இதே கதை. 125 மில்லி கேட்டால் "175-லிருந்துதான் ஆரம்பம்" என்கிறார்கள். அரை பைன்ட் பீர், 125 மில்லி ஒயின், கேட்டால் இலவசமாகக் குழாய்த் தண்ணீர் எல்லாமே 2010-லிருந்து உங்கள் லைசென்ஸின் நிபந்தனைகளில் இருக்கின்றன. கார் ஓட்டி வருகிறவர்களை நம்பியிருக்கும் கிராமத்து பப் சின்ன அளவைக் கொடுக்கத் தயங்குவது எனக்குப் புரியவே இல்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். மெனு அட்டையைக் கையில் வாங்கினால் கல்யாணப் பத்திரிகை மாதிரி மடிப்பு மடிப்பாக விரிகிறது. பர்கரில் எட்டு வகை, தாய் கறி, லசான்யா, ஃபஹீத்தா, 'சிக்கன் டிக்கா மசாலா வித் ரைஸ் ஆர் சிப்ஸ் ஆர் ஹாஃப் அண்ட் ஹாஃப்'. கிச்சனில் இருப்பது ஒரு ஆளும் ஒரு உதவிப் பையனும். இத்தனையும் எங்கிருந்து வரும்? ஃப்ரீசரிலிருந்து வரும், மைக்ரோவேவ் வழியாக. நடுவில் கொதித்து ஓரத்தில் குளிர்ந்திருக்கும் லசான்யாவைப் பார்த்தால் குழந்தைக்கும் தெரியும்.

ஸ்டேக் அண்ட் ஏல் பை, அதாவது மாட்டிறைச்சியை ஏலில் வேகவைத்து மாவுக்குள் அடைத்துச் சுட்டது. உங்கள் நாட்டின் பெருமைகளில் ஒன்று. கேட்டால் என்ன வருகிறது? பீங்கான் கிண்ணத்தில் குழம்பு, மேலே தனியாகச் சுட்டெடுத்த பஃப் பேஸ்ட்ரித் தொப்பி. முள்கரண்டி பட்டதும் அது நாலாகச் சிதறி ஓடுகிறது. பை என்றால் அடியும் சுவரும் மூடியும் வேண்டும். கிரேவி ஊறி அடிப்பாகம் கொஞ்சம் பதமாகி, ஓரம் மொறுமொறுவென்று நிற்க வேண்டும். சஸெக்ஸில் அந்த அம்மா கரும்பலகையில் நாலே அயிட்டம்தான் எழுதுவார். ஒன்று பை, ஒன்று மீன், ஒன்று காய்கறி, ஒன்று அன்றைக்குத் தோன்றியது. இரண்டு மணிக்கு மேல் போனால் பையின் மேல் சாக்பீஸால் கோடு போட்டிருக்கும். தீர்ந்துவிட்டது. தீர்ந்துபோகிற சாப்பாட்டின்மேல் எனக்குத் தனி மரியாதை.

இரண்டு மணி என்றதும் ஞாபகம் வருகிறது. உங்கள் இணையதளம் "நாள் முழுவதும் உணவு" என்கிறது. சேற்றில் நடந்து, வேலி தாண்டி, 2.10-க்கு வந்து நின்றால் "கிச்சன் ரெண்டு மணிக்கே குளோஸ்" என்கிறீர்கள். சமையல்காரருக்கு ஓய்வு வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ரொட்டி, சீஸ், ஊறுகாய், வெங்காயம், ஒரு ஆப்பிள் துண்டு, இவற்றுக்கு அடுப்பு எதற்கு? போருக்குப் பிந்தைய ரேஷன் முடிந்த காலத்தில் சீஸ் வியாபாரத்தைத் தூக்கிவிட, அந்தத் துறையினரே 'ப்ளோமேன்ஸ் லஞ்ச்' என்று விளம்பரம் செய்து ஊர் ஊராகப் பரப்பிய தட்டு அது. ஏர் உழுகிறவன் பெயரை வைத்துப் பிரபலமாக்கிவிட்டு, நடந்து களைத்து வருகிறவனுக்கு இல்லை என்பது நியாயமா?

ஞாயிற்றுக்கிழமை ரோஸ்ட் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. யார்க்‌ஷயர் புட்டிங் என்ற உப்பலான மாவுப் பண்டம் சூடு விளக்கின் கீழ் அரை மணி நேரம் கிடந்தால் உள்ளங்கை அளவு அட்டைதான் மிஞ்சும். கிரேவியை இன்னொரு கிண்ணம் கேட்டால் இரண்டு பவுண்டு பில்லில் ஏற்றாதீர்கள். அவ்வளவுதான்.

ஆனால் ஒன்றைச் சற்று நிறுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் கூட்டத்தில் இரண்டு பேர் மாட்டிறைச்சி சாப்பிட மாட்டார்கள். ஒருவர் முழு சைவம். யார்க்‌ஷயரில் ஒரு பப்பில், "சிப்ஸ் எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள்?" என்று கேட்டார். பணியாளர் உள்ளே போய் ஒரு தடித்த ஃபைலோடு வந்தார். சட்டப்படி தெரிவிக்க வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருட்களும் அயிட்டம் வாரியாக டிக் போட்டு, கச்சிதமாக இருந்தன. பக்கம் பக்கமாகப் புரட்டினோம். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. மாட்டுக் கொழுப்பு அந்த 14-இல் வராது. வட இங்கிலாந்தில் பீஃப் டிரிப்பிங் என்ற அந்தக் கொழுப்பில் பொரிப்பது பழைய வழக்கம், சுவைக்காகவே அதைத் தேடிப் போகிறவர்களும் உண்டு. பொரியுங்கள். கரும்பலகையில் ஒரு வரி எழுதிவிட்டுப் பொரியுங்கள். சூயட் என்ற விலங்குக் கொழுப்பு சேர்த்த புட்டிங்குக்கும் அப்படியே. பீரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் சேர்ப்பதுண்டு என்பது எங்கள் சைவ நண்பருக்கு இங்கே வந்து பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றிலிருந்து அவர் ஒவ்வொரு கவுன்ட்டரிலும் கேட்கிறார். தெரியாவிட்டால் "தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்பதே நல்ல பதில். "வெஜிடபிள் ஆயில்னுதான் நினைக்கிறேன்" என்பது பதில் அல்ல.

இனி உபசரிப்பு. கவுன்ட்டரில் போய் நின்று நாமே கேட்டு வாங்குவதுதான் உங்கள் ஊர் வழக்கம். முதலில் எனக்குக் கூச்சமாக இருந்தது, இப்போது பிடித்துப்போய்விட்டது. வரிசையே இல்லாத வரிசை அது. எட்டுப் பேர் கவுன்ட்டர் நெடுகச் சாய்ந்து நிற்பார்கள், யார் முன்னால் வந்தார் என்று எட்டுப் பேருக்கும் தெரியும். நல்ல பணியாளருக்கும் தெரியும். தெரியாவிட்டால், "இவர்தான் எனக்கு முன்னால்" என்று பக்கத்தில் நிற்பவரே விட்டுக்கொடுப்பார். கொரோனாவுக்குப் பிறகு பல இடங்களில் போஸ்ட் ஆபீஸ் மாதிரி ஒற்றை வரிசை நின்றுவிட்டது. கவுன்ட்டர் முழுக்கக் காலியாகக் கிடக்க, வரிசை கழிவறைக் கதவு வரை நீள்கிறது. நீங்கள்தான் அதைக் கலைக்க வேண்டும். "இப்படிப் பரவி நில்லுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

கியூஆர் கோடு வைத்திருக்கும் மேசைகளைப் பற்றி என்ன சொல்ல? பள்ளத்தாக்கில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. வைஃபை பாஸ்வேர்டு கேட்கக் கவுன்ட்டருக்குப் போனால், பாஸ்வேர்டு எழுதிய சீட்டைக் கொடுத்து "ஆப்பிலேயே ஆர்டர் பண்ணிடுங்க" என்று திருப்பி அனுப்புகிறார்கள். அதுதான் வந்து நிற்கிறேனே, கையோடு எழுதிக்கொண்டால் ஆகாதா? அதன் பிறகு பில்லில் சேவைக் கட்டணம் வேறு. 2024 அக்டோபர் 1 முதல் அந்தப் பணம் முழுவதும் ஊழியருக்கே போக வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டதால் கொடுக்கிறேன். ஆனால் தட்டைத் தூக்கி வந்தது நான்தான் என்பதையும் பதிவு செய்கிறேன்.

கூட்டம் இருந்தால் காத்திருக்க யாருக்கும் சிரமமில்லை. நிமிர்ந்து பார்த்து ஒரு தலையசைப்பு, "இதோ வர்றேன்" என்ற ஒரு சொல், அதற்குக் கூடுதலாக ஆள் போட வேண்டியதில்லை. சேற்றுப் பூட்ஸையும் ஈர நாயையும் பார்த்து முகம் மாறினால் நாங்கள் கவனிப்போம். பழுப்புத் தோலைப் பார்த்து மாறினாலும் கவனிப்போம். பின்னது அபூர்வம் என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரும்பாலான கிராமங்களில் அடுப்புக்குப் பக்கத்து நாற்காலியை எங்களுக்காக நகர்த்திப் போட்டவர்கள்தான் அதிகம்.

உங்கள் கஷ்டம் தெரியாமல் பேசவில்லை. 20 சதவீதம் வாட் வரி. 2025 ஏப்ரலில் ஊழியர்களுக்காக முதலாளி கட்டும் நேஷனல் இன்ஷூரன்ஸ் 15 சதவீதமாக ஏறியது. அதே மாதம் பிசினஸ் ரேட்ஸ் என்ற கட்டட வரியில் சலுகை 75 சதவீதத்திலிருந்து 40-ஆகக் குறைந்தது. மின்சாரம், எரிவாயு பற்றிச் சொல்லவே வேண்டாம். பல இடங்களில் பைன்ட் ஐந்து பவுண்டைத் தாண்டிவிட்டதில் உங்கள் கைக்கு வருவது சொற்பம். அதனால்தான் சொல்கிறேன். பாதி பீப்பாயைச் சாக்கடையில் கொட்டுவதற்கும், ஐம்பது அயிட்டத்துக்கு ஃப்ரீசர் ஓட்டுவதற்கும் உங்களிடம் பணம் எங்கே இருக்கிறது?

கம்பெனிகளே, கடைசியில் உங்களிடம் வருகிறேன். ஐந்து பம்பு நிற்பதற்கு நடத்துநர் மட்டும் காரணமல்ல என்று எனக்குத் தெரியும். குத்தகைக்கு எடுத்தவர் உங்களிடமிருந்துதான், நீங்கள் சொல்லும் விலைக்குத்தான் பீர் வாங்க வேண்டும் என்பது 'டை' ஒப்பந்தம். 1989-இல் அரசு கொண்டுவந்த பீர் ஆணைகள், பெரிய ஆலைகளின் பிடியைத் தளர்த்த வந்தவை. இரண்டாயிரம் பப்களுக்கு மேல் வைத்திருந்த ஆலைகள் விற்கத் தொடங்கின. வாங்கியது யார்? ஒரு சொட்டு பீரும் காய்ச்சாத நீங்கள். அந்த ஆணைகளில் ஒரு நல்ல விதி இருந்தது. குத்தகைக்காரர் தன் விருப்பப்படி வெளியிலிருந்து ஒரு காஸ்க் ஏல் வாங்கி விற்கலாம். 2003-க்குள் ஆணைகளே ரத்தாகிவிட்டன. 2016-இல் வந்த பப்ஸ் கோட், 500 அல்லது அதற்கு மேல் டை பப் வைத்திருக்கும் கம்பெனிகளிடம் சந்தை வாடகை மட்டும் கட்டிவிட்டு விடுபடும் வழியைத் தந்தது. ஆனால் வக்கீல், மதிப்பீட்டாளர் என்று அலைய ஒரு கிராமத்து நடத்துநருக்கு நேரமும் பணமும் ஏது?

நீங்கள் கைவிட்ட இடங்களை ஊர்க்காரர்களே எடுத்து நடத்துவதும் நடக்கிறது. கம்ப்ரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் கிராமத்து 'ஓல்ட் கிரௌன்' 2003-இலேயே கூட்டுறவுச் சொத்தாகிவிட்டது. எல்லா ஊருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை.

ஸ்காட்லாந்தில் 2021-இல் இயற்றிய சட்டம் டை குத்தகைக்காரருக்கு வெளி பீர் ஒன்றை வைத்துக்கொள்ள வழி செய்கிறது. இங்கிலாந்தில் அப்படி ஒரு சட்டம் வரும்வரை நீங்கள் காத்திருக்கத் தேவையில்லை. குத்தகை ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேருங்கள். பம்புகளின் எண்ணிக்கையை நடத்துநரே முடிவு செய்யட்டும். அதில் ஒன்றுக்கு, பக்கத்து ஆலையிலிருந்து, வேண்டுமானால் 36 பைன்ட் பீப்பாயில், அவரே நேராக வாங்கிக்கொள்ளட்டும். அடுத்த குத்தகைப் புதுப்பிப்பிலேயே இதைச் செய்யலாம்.

இப்படிக்கு,
கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் நிற்கும் ஒரு வாடிக்கையாளன்